மணிக்கு ஒரு மைல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரில் ஒரு பிழையும் இல்லை. ஐம்பத்தோராம் ஆண்டு எம்.ஜி. அது. இரண்டு பேர் மட்டும் இருக்கலாம், கூரையைப் பின்னால் மடித்துவிடலாம். இங்கிலாந்தில் அதைச் செய்தவன் ஒழுங்காகத்தான் செய்து அனுப்பினான். அதன் குணத்தை மாற்றியவன் நான். "பழைய கார்தானே, அதுதான் அப்பிடி நடந்தது" என்று யாராவது சமாதானம் சொல்ல வந்தால் எனக்குக் கொதி வரும். சமாதானம் சொல்கிறவர்களுக்கு அன்று நடந்தது முழுக்கத் தெரியாது.

என் பெயர் அமிர்தநாயகம். வீடு தாழ்வுபாட்டில். மன்னார் டவுனில் படகு எஞ்சினும் உழவு மிசினும் திருத்துகிற கராஜ் வைத்திருந்தேன். அறுபத்தாறாம் ஆண்டு அடம்பனில் பரமேஸ்வரி அம்மாவின் உழவு மிசின் வயலுக்குள் படுத்துவிட்டது என்று ஆள் அனுப்பினார்கள். திருத்தி முடித்துக் கை துடைக்கச் சாக்குத் தேடினால், அவர் வீட்டுக் கொட்டிலில் நெல் மூடைகளுக்குப் பின்னால் நாலைந்து சாக்கால் மூடி ஒரு கார் நிற்கிறது. ஒன்றைத் தூக்கினேன். இருக்கையில் கோழி அடைகிடந்தது. என்னைக் கொத்த வந்தது.

நீளமான பொனற், நிமிர்ந்த ரேடியேற்றர், இரண்டு பக்கமும் வளைந்து இறங்குகிற மட்காட். அந்த நிமிசமே எனக்குப் புத்தி கெட்டுவிட்டது.

"அவர் ஆசைப்பட்டு வாங்கினது, தம்பி," என்றார் பரமேஸ்வரி அம்மா. கணவர் செத்து ஐந்து வருசமாகியிருந்தது. "மழைக்கு நனையுது, வெயிலுக்குக் காயுது. ஒரு மூடை நெல்லு ஏத்த வழியில்லை. இதையும் கார் எண்டு ஒருத்தன் செய்திருக்கிறான்."

"எனக்குத் தாறீங்களோ அம்மா?"

"கோழியை எழுப்பாமல் கொண்டு போறதெண்டா கொண்டு போங்கோ."

பகிடியாகத்தான் சொன்னார். நான் விடவில்லை. அடுத்த இரண்டு போகத்துக்கும் அவருடைய மிசின்களை நானே பார்த்துத் தருகிறேன் என்று பேசினேன். குஞ்சு பொரிக்கும்வரை மூன்று கிழமை பொறுத்திருந்து, காரை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

வாசலில் என் பெண்சாதி எடித் நின்றாள். வாய் என்னைவிட அவளுக்கு நீளம். காரை ஒருதரம் சுற்றிவந்தாள்.

"இதில நான் எங்க இருக்கிறது, பிள்ளையள் எங்க இருக்கிறது?"

"ரெண்டு பேர் இருக்கலாம்."

"அப்ப நீங்களும் கோழியும் போங்கோ," என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு மாதத்தில் ஓடவைத்துவிட்டேன். ஆனால் எண்பது மைல் ஓடவேண்டிய கார் அறுபத்தைந்தில் மூச்சு வாங்கியது. ஒருநாள் மன்னார்ப் பாலம் கடந்து வருகிறேன், பின்னால் வந்த ஒரு புதுக் கார் என்னை முந்திக்கொண்டு போனது. ஓட்டியவன் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டுப் போனான். உள்ளே நாலு பேர், கூரையில் கட்டிலும் கட்டியிருந்தது. கட்டில் ஏற்றிய கார் என்னை முந்துவதா? அன்றைக்கு இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாளே சனூன் நானாவிடம் போனேன். முசலிப் பக்கத்து ஆள், டவுனில் கடைசல் பட்டறை வைத்திருந்தார். மயிரிழையில் பாதி கேட்டாலும் இரும்பில் சீவித் தருவார். என்னைவிடப் பத்து வயது மூப்பு, என்னைவிட நூறு மடங்கு பொறுமை.

ஒரு வருசம் இரண்டு பேரும் அந்தக் காரோடு கிடந்தோம். எஞ்சினின் தலையைச் சீவி, பெற்றோல் இறுகி வெடிக்கும்படி செய்தோம். இரண்டு காபரேற்றருக்கும் பெற்றோல் கூட இறங்குகிற பெரிய ஜெற் போட்டோம். கொழும்பில் ஒருவரிடம் அனுப்பி, வால்வைத் தூக்கிவிடுகிற தண்டை வேறு அளவுக்குத் தீட்டி எடுத்தோம். சைலன்சரை வெட்டி எறிந்துவிட்டு நேர்க்குழாய் வைத்தேன். பம்பர், உதிரிச் சக்கரம், கூரைத் துணி, அதன் கம்பிக் கூடு, எல்லாம் பாரம் என்று கழற்றினேன். ரேடியேற்றருக்குப் பின்னால் இருக்கிற காற்றாடி எஞ்சினின் பலத்தில் கொஞ்சத்தைத் தின்னும். வேகமாக ஓடுகிற காருக்கு வருகிற காற்றே போதும் என்று அதையும் கழற்றினேன். எஞ்சினுக்குப் பின்னால் ஒரு கனத்த சக்கரம் சுழலும், பிளைவீல் என்பார்கள். அதைச் சனூன் நானா கடைசலில் பாதியாகக் குறைத்துத் தந்தார். அந்தப் பலத்தைத் தாங்க கிளச்சுக்கு லொறிச் சுருளுக்கு நிகரான ஸ்பிறிங் போட்டோம்.

தலைமன்னார் வீதியில் நேரான ஒரு துண்டு இருக்கிறது. விடியக் காலையில் கழுதைகளைக் கலைத்துவிட்டு, மைல்கல்லுக்கு மைல்கல் ஓடிப் பார்ப்போம். சனூன் நானா கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பார். முதலில் ஐம்பத்தைந்து செக்கன். பிறகு ஐம்பது. பிறகு நாற்பத்தைந்து. கடைசியில் ஒருநாள் நாற்பத்தொன்று. மணிக்கு எண்பத்தெட்டு மைல். சனூன் நானாவின் தொப்பி பறந்துபோய் உப்பளப் பக்கம் விழுந்தது. அவர் அதை எடுக்கவும் போகவில்லை, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஸ்ரேறிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். உண்மையாகத்தான் சொல்கிறேன், அழுதேன்.

வவுனியாவுக்கு அங்கால் ஒரு பழைய விமான ஓடுபாதையில் ரேஸ் நடக்க இருந்தது. பெயர் கொடுத்துவிட்டேன்.

ஆனால் அந்தக் காருக்கு மெதுவாகப் போகத் தெரியாது. எஞ்சினின் சுற்றைக் குறைத்தால் இருமி இருமி நின்றுவிடும். நிற்காமல் இருக்கிற ஆகக் குறைந்த சுற்றில், முதல் கியரில், மணிக்கு ஏழு மைல் போகும். அதற்குக் கீழே போகவேண்டுமென்றால் கிளச்சைப் பாதி மிதித்தபடி காலில் பிடித்துக்கொண்டு இருக்கவேண்டும். கிளச்சோ மிதித்தால் தொடை நோகும், விட்டால் பட்டென்று பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் அளவு இடம். கால் கொஞ்சம் தவறினால் கார் பாயும். எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. யார் அந்தக் காரில் மெதுவாகப் போகப்போகிறான்?

எடித்தின் தம்பி அருட்பிரகாசம் அந்த வருசம் குருவானவராகப் பட்டம் பெற இருந்தான். எங்கள் ஊரில் இருந்து முதன்முதலாகக் குருவாகிறவன். பட்டம் யாழ்ப்பாணத்தில், முதற்பூசை ஊரில். ஊர் எல்லையில் இருந்து கோயில் வரைக்கும் ஒன்றேகால் மைல், பாண்ட் வாத்தியத்தோடு ஊர்வலமாகக் கூட்டிவருவதென்று முடிவானது.

ஒருநாள் எடித் சோற்றைப் போட்டுவிட்டு என் முன்னால் உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்தால் ஏதோ முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

"தம்பியை எங்கட காரிலதான் கொண்டுவாறது. கோயில் கூட்டத்தில சொல்லிப்போட்டன்."

"எந்தக் காரில?"

"எங்களிட்டை எத்தினை கார் கிடக்கு? சனத்துக்குத் தெரியிற மாதிரி நிண்டு ஆசீர்வாதம் குடுக்க, கூரை இல்லாத கார் இந்த ஊரில வேற ஆரிட்டை இருக்கு?"

நான் குழம்பை ஊற்றிச் சோற்றைப் பிசைந்தேன்.

"இஞ்சேருங்கோ," என்றாள். குரல் மாறியிருந்தது. "ஒரு வருசமா இந்தக் காராலை எனக்குக் கிடைச்சது பேச்சு மட்டும்தான். கிணத்தடியிலையும் பேச்சு, கோயிலடியிலையும் பேச்சு. 'எடித்தின்ர மனுசனுக்கு விசர்' எண்டு என்ர காது கேக்கச் சொன்னவை. ஒருநாளைக்கெண்டாலும் நான் தலை நிமிந்து நிக்கவேணும்."

இந்தக் கார் மெதுவாகப் போகாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஊர் முழுக்க அந்தக் காரைப் பற்றி வாய் கிழியப் பேசித் திரிந்தவன் நான். இந்தத் தீவில் இதைப்போல ஒரு கார் இல்லை என்று சொன்ன வாயால், நடக்கிற வேகத்தில் போக அதற்கு வக்கில்லை என்று எப்படிச் சொல்வது?

"ஓம்," என்றேன்.

சனூன் நானா கேள்விப்பட்டுக் கராஜுக்கே வந்துவிட்டார்.

"அமிர்தம், உனக்கு மூளை இருக்கா? முன்னுக்குச் சனம், பின்னுக்குச் சனம். அந்தக் கிளச்சோட எப்பிடிப் போகப்போறாய்?"

"மெல்ல மெல்லக் காலில பிடிச்சுப் போவன்."

"ஒண்டேகால் மைலுமா? காற்றாடியும் இல்லை, தண்ணி கொதிக்கும். கிளச் வயர் சின்னக் காருக்குச் செய்த வயர், நாங்கள் போட்டிருக்கிறது லொறி ஸ்பிறிங். ஓட்டத்தில ஒருதரம் ரெண்டுதரம் மிதிக்கத் தாங்கும். நூறுதரம் மிதிச்சா அறும். அறுந்தா என்ன நடக்கும் எண்டு உனக்குச் சொல்லித் தரவேணுமா?"

சொல்லித் தரவேண்டியதில்லை. கியரில் இருக்கிற கார், கிளச் அறுந்தால், அந்தக் கணமே முன்னுக்குப் பாயும்.

"பழைய கிளச்சும் பிளைவீலும் என்னட்டைத்தான் கிடக்கு. காற்றாடியும் கிடக்கு. கொண்டா காரை. ரெண்டு நாளில பூட்டித் தாறன்."

"பிறகு கழட்ட ரெண்டு நாள். திரும்பப் பூட்டி ஓடிப் பாக்க இன்னும் ரெண்டு நாள். பூசைக்கு அடுத்த ஞாயிறு ரேஸ், நானா."

"ஏதோ, உன்ர இஷ்டம். அல்லாஹ் காப்பாத்தட்டும்," என்றுவிட்டுப் போய்விட்டார். நான் வயருக்குக் கொழுப்புப் பூசினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

முதற்பூசையன்று காலையில் ஊர் எல்லையில் நிற்க இடமில்லை. தோரணம், வாழைமரம், வெடி. கார் கறுப்பு மெழுகு பூசி மினுங்கியது. அருட்பிரகாசம் வெள்ளை அங்கியோடு வந்தான். நேற்றுவரை என்னை அத்தான் அத்தான் என்று சுற்றித் திரிந்த பெடியன், இன்றைக்கு அவனைச் சுவாமி என்று கூப்பிட வேண்டும். பயணிகள் இருக்கையில் ஏறி நின்றான், ஒரு கையால் முன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டான்.

அப்போதுதான் இரண்டு விசயத்தைக் கண்டேன். காருக்கு முன்னால் நிலபாவாடை விரித்திருந்தார்கள். நீளமான வெள்ளைத் துணி, இரண்டு துண்டு. ஒன்றின்மேல் கார் போய் முடிய, அதைச் சுருட்டி எடுத்து முன்னால் கொண்டுபோய் விரிப்பார்கள். அதுவரை கார் நிற்க வேண்டும். அதாவது ஒவ்வொரு துணிக்கும் ஒருதரம் நின்று, ஒருதரம் எடுக்க வேண்டும். மற்றது, துணியின்மேல் பொனற்றுக்கு நேர் முன்னால் எட்டுச் சின்னப் பெண்பிள்ளைகள். தேவதூதர் மாதிரிச் சம்மனசு உடுப்பு, முதுகில் கடதாசிச் செட்டை, கையில் பூக்கூடை. நடு வரிசையில் என் தங்கச்சி அருள்நாயகியின் மகள் பெற்றிசியா. ஆறு வயது. என்னைக் கண்டு கை காட்டினாள்.

"பிள்ளையளைக் கொஞ்சம் முன்னுக்கு விடுங்கோ," என்று கத்தினேன். எஞ்சின் போட்ட சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நேர்க்குழாய் இடித்த இடியில் பாண்ட்காரர்களுக்கே தங்கள் வாத்தியம் கேட்டிருக்காது.

முதல் துணி சரியாகப் போனது. இரண்டாவதும் போனது. கிளச்சை மிதி, கியரைப் போடு, நூலளவு விடு, பிடி, திரும்ப மிதி, கியரை எடு, கை பிறேக்கை இழு. பத்தாவது துணிக்கே இடது தொடை நடுங்கத் தொடங்கியது. சனம் இரண்டு பக்கமும் நெருங்கி நெருங்கி வந்தது. வீதி ஒடுங்கிய இடத்தில் பிள்ளைகள் பின்னுக்குத் தள்ளுப்பட்டு வந்தார்கள். பொனற்றுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு பாகம், ஆறடி, இருந்தது, அரைப் பாகமாகியது.

பாதி வழியில் ரேடியேற்றர் மூடியால் நீராவி வந்தது. "சாம்பிராணி, சாம்பிராணி," என்று பிள்ளைகள் சிரித்தார்கள். சனமும் சிரித்தது. எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கிளச் எரிகிற மணம் வந்தது. அருட்பிரகாசம் குனிந்து, "அத்தான், சரியோ?" என்றான்.

"எல்லாம் சரி, சுவாமி. நீங்கள் சனத்தைப் பாருங்கோ."

கோயில் கோபுரம் தெரிகிற இடத்தில், கிளச்சை மிதிக்கும்போது காலின் கீழே டிக் என்று ஒன்று தெறித்தது. காதுக்குக் கேட்கவில்லை, பாதத்துக்குக் கேட்டது. வயரில் ஓர் இழை போய்விட்டது. அடுத்த துணிக்கு இன்னும் ஒன்று. மிதி முன்னையைவிட ஆழமாக இறங்கியது. அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் சூட்டில் திரும்ப ஸ்ரார்ட் வராது. ஊர் முழுக்கப் பார்க்க, பாண்ட் வாத்தியத்துக்கு நடுவில், "என் கார் நின்றுவிட்டது" என்று இறங்க வேண்டும். மதகுக்குப் பக்கத்தில் எடித் நிற்கிறாள், புதுச் சேலையோடு, தலை நிமிர்ந்து. இன்னும் இருபது துணிதான். பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பதினாறு துணி மிச்சம் இருக்கையில் மூன்றாவது இழை போனது. கிளச் பிடித்துவிட்டது.

கார் ஒரு முழம் பாய்ந்தது. நான் பிறேக்கை மிதித்தேன். அருட்பிரகாசம் நிலை தடுமாறி இருக்கையில் விழுந்தான். பொனற்றுக்கு மேலால் பெற்றிசியாவின் தலை ஒரு கணம் தெரியவில்லை. அந்தக் கணம் எவ்வளவு நீளம் என்று என்னிடம் கேட்காதீர்கள். பிறகு தெரிந்தது. இரண்டு எட்டுத் தடுமாறி, பூக்கூடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, திரும்பி என்னைப் பார்த்தாள். அழவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை. எல்லாரும் விழுந்த சுவாமியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

இனி நான் சொல்வதை நன்றாகக் கேளுங்கள். எரிந்த கிளச் வழுக்கியதால் எஞ்சின் நிற்காமல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திறப்பு, எஞ்சினின் சாவி, என் கைக்கு எட்டுகிற தூரத்தில். பிள்ளை என் கண்ணுக்கு முன்னால். நான் என்ன செய்தேன் தெரியுமா? அடிவரை இறங்கிய அந்தக் கிளச்சைத் திரும்பவும் மிதித்தேன். இன்னும் பதினாறு துணி, இன்னும் கொஞ்சத் தூரம் என்று மிதித்தேன்.

வெள்ளை அங்கி போட்ட ஒரு கை என் முன்னால் வந்து திறப்பைத் திருப்பியது.

எஞ்சின் நின்றது. ஊரே அமைதியானது மாதிரி இருந்தது. அருட்பிரகாசத்தின் முகம் அவனுடைய அங்கியைவிட வெளுத்திருந்தது. என்னைப் பார்க்காமல், மெல்லிய குரலில், "அத்தான், கியரை எடுங்கோ," என்றான். எடுத்தேன்.

சம்மாட்டி சந்தியோகு சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கரைவலை வைத்திருக்கிறவர், ஊரின் பெரிய ஆள். "என்ன சுவாமி, கார் நிண்டுட்டுதோ?"

அருட்பிரகாசம் எழும்பி நின்றான். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "நிக்கேல்லை. அத்தான் நிப்பாட்டினவர். இனிக் கோயில் மட்டும் ஊர்தான் இழுக்கவேணும்."

முதற்பூசை வைக்க முதலே அவனைப் பொய் சொல்ல வைத்துவிட்டேன்.

சம்மாட்டிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கடற்கரையில் அவருடைய மீன் வாடியில் இருந்து கரைவலைக் கயிறு வந்தது. அச்சில் கட்டி, இரண்டு பக்கமும் இருபது இருபது பேர் நின்று, வலை இழுக்கிற பாட்டோடு இழுத்தார்கள். நிலபாவாடை விரிக்க நிற்பதும் எடுப்பதும் அவர்களுக்குப் பழகின கைவேலை. ஒரு குலுக்கல் இல்லை. பிள்ளைகள் முன்னால் பூத் தூவிக்கொண்டு போனார்கள். கிழவிகள் அழுதார்கள். "எங்கட பிள்ளையை நாங்களே இழுத்து வாறம்" என்று யாரோ சொன்னார்கள். மதகடியில் எடித் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டு, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் இருந்தேன்.

பூசை முடிந்து பந்தலில் சாப்பாடு. சனம் வந்து வந்து என் கையைப் பிடித்தது. ஒரு வருசம் பாடுபட்டுச் செய்த எஞ்சினை ஊருக்காக நிப்பாட்டிப்போட்டான், இதுதான் தாழ்மை, இதுதான் மரியாதை என்றார்கள். நான் ஒவ்வொருவருக்கும் சிரித்தேன். எடித் பலகாரத் தட்டோடு என் பக்கத்திலேயே நின்றாள். கலியாணம் செய்த நாளில்கூட அவள் என்னோடு அப்படி ஒட்டி நின்றதில்லை. "எங்கட கார்," "எங்கட கார்" என்று நாலைந்து தரம் சொல்லிவிட்டாள். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல எனக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை, ஏன் கிளறுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போது அருள்நாயகி பெற்றிசியாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளையின் ஒரு கன்னம் சிவந்திருந்தது. கண்ணில் நீர்.

"அண்ணை, இவளின்ர வேலையைப் பார். ரெண்டு கிழமை நித்திரை முழிச்சு இந்தச் சட்டை தைச்சனான்." பிள்ளையைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளைச் சட்டையின் பின்புறம், முழங்காலுக்கு நேரே, கறுப்பாக ஒரு நீட்டுக் கீறு. நம்பர் தகட்டின் கரையில் இருந்த மெழுகு.

"எங்க பூசினனீ எண்டு கேட்டா, மாமான்ர கார் இடிச்சது எண்டுறாள். எல்லாச் சனத்துக்கும் முன்னால. சுவாமிக்கு மாமா செய்த மரியாதையை ஊரே கதைக்குது, இவள் இண்டைக்கெண்டு பார்த்துப் பொய் சொல்லுறாள். பளாரெண்டு ஒண்டு குடுத்தனான். சொல்லடி மாமாட்டை, பொய் சொன்னது பிழை எண்டு சொல்லு."

பெற்றிசியா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். காருக்கு முன்னால் திரும்பிப் பார்த்த அதே பார்வை. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பந்தலுக்குள் வேறு ஒருவருக்கும் தெரியாது, அந்தப் பக்கம் சனத்துக்கு நடுவில் நிற்கிற அருட்பிரகாசத்தைத் தவிர. அவன் சொல்லமாட்டான்.

"பிழை, மாமா," என்று பிள்ளை சொல்ல வாயெடுத்தாள்.

"அவள் பொய் சொல்லேல்லை," என்றேன்.

அருள்நாயகி சிரித்தாள். "நீ அவளுக்குச் செல்லம் குடுக்காதை அண்ணை."

"உண்மையாத்தான் சொல்லுறன். கார் பாய்ஞ்சது. இடிச்சது."

எடித்தின் தட்டு ஒருபக்கம் சரிந்தது. அருள்நாயகி குனிந்து பிள்ளையின் சட்டையை உயர்த்தினாள். முழங்காலுக்குப் பின்னால் ஒரு விரல் நீளத்துக்குக் கன்றிப்போயிருந்தது. அவள் அதைத் தொட்டாள், பிள்ளை காலை இழுத்துக்கொண்டாள்.

"அதுக்குப் பிறகுதானே நீ நிப்பாட்டினனீ?" என்று கேட்டாள். குனிந்தபடியேதான் கேட்டாள்.

"நான் நிப்பாட்டேல்லை. சுவாமிதான் திறப்பைத் திருப்பினவர். நான் திரும்பக் கிளச்சை மிதிச்சனான்."

"பிள்ளை முன்னுக்கு நிக்கவோ?"

"ஓம்."

"அந்தக் கார் பாயும் எண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியும். சனூன் நானா ரெண்டு நாளில பழைய கிளச்சைப் பூட்டித் தாறன் எண்டவர். நான்தான் வேண்டாம் எண்டனான்."

"ஏன்?"

"அடுத்த ஞாயிறு ரேஸ்."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். எடித் தட்டை மேசையில் வைத்துவிட்டு, என் பக்கத்தில் இருந்து ஓர் எட்டுத் தள்ளி நின்றாள். அருள்நாயகி எழும்பினாள். பிள்ளையின் சிவந்த கன்னத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நான் அடிக்கவேண்டின ஆள் நீ," என்றாள். "இவளுக்கு அடிச்சுப்போட்டன்."

அடிப்பாள் என்று முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவள் அடிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.